படகையும் சேர்த்து எடுங்க

போன மாதம் ஒரு காலை, எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் ஒருவர் பெற்றோல் விற்றுக்கொண்டு வந்தார்.

மீன்காரரைப் போலக் கூவவில்லை. கேற்றை மெதுவாகத் தட்டினார். விரலில் மோதிரம், இஸ்திரி போட்ட சேர்ட், தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் தண்ணீர்ப் போத்தல்கள். 'தூய்மையான குடிநீர்' என்ற லேபலைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே இருந்ததோ இளஞ்சிவப்பாய்ப் பெற்றோல்!

விலை கேட்டேன். பெற்றோல் செட்டில் விற்கிற விலையைப்போல மூன்று மடங்கு.

"என்னண்ணை இது, கொள்ளையா?"

"அக்கா, நாங்களும் ரிஸ்க் எடுத்துத்தான் கொண்டாறம். பின்னேரம் இன்னும் ஏறும். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

அவர் சொன்னது பொய்யில்லை. புயலும் மழையும் அடித்து ஓய்ந்திருந்தன. களனி கங்கை பெருகி, கரையோரமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். பாதைகள் அறுந்து பெற்றோல் பவுசர் லொறிகள் வரவில்லை. வெள்ளவத்தையில் செட்டுகளுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். பெற்றோல் மட்டுமா? மெழுகுதிரி, தேங்காய், குடிதண்ணீர், ஆட்டோக் கூலி... எல்லாம் ஏறிப் போயிருந்தது. வெள்ளம் வந்தால் வடியும். வெள்ளத்தோடு ஏறின விலை வடிந்ததை நீங்கள் எப்போதாவது கண்டிருக்கிறீர்களா?

என் கணவருக்குக் கண் ஒப்பரேஷன் செய்து கட்டுப் போட்டிருந்தது. அடுத்த நாள் கிளினிக் போயே ஆகவேண்டும். உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

"வாங்கிப்போடுமப்பா! கண்ணைவிடக் காசு பெரிசே?"

நான் வாங்கவில்லை. கொள்கைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனிதர் பெற்றோல் போத்தலை நீட்டிய அதே கையில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. கேற்றைப் பூட்டிவிட்டு உள்ளே ஓடிவந்தேன்.

பத்தே நிமிடத்தில் மச்சாள் கோல் எடுத்தாள். "கொட்டாஞ்சேனையிலை ஒரு செட்டிலை பெற்றோல் அடிக்கினமாம். ஓடுங்கோ!"

ஓடினேன். காரில் பெற்றோல் முடியப்போகிற சிவப்பு விளக்கு எரிந்தபடி... ஏசியை நிறுத்தி, ரேடியோவை நிறுத்தி, சிக்னல் சிக்னலாகப் பிரார்த்தனை செய்தபடி. ரேடியோவை நிறுத்தினால் பெற்றோல் மிஞ்சுமா என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் நான் மூச்சையே பாதியாகத்தான் விட்டேன்.

கொட்டாஞ்சேனையில் கியூ கோயிலையும் தாண்டி வளைந்து கிடந்தது. எனக்கு முன்னால் ஒரு பெரிய ஜீப். அதன் சொந்தக்காரர் யோகன் இறங்கி நின்று முன்னுக்கும் பின்னுக்கும் பேசிக்கொண்டிருந்தார். கலியாண வீடுகளுக்குக் கதிரையும் கூடாரமும் வாடகைக்கு விடுகிறவர், அவரும் வெள்ளவத்தைதான். மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல்.

"உள்ளுக்குள்ளை ஸ்டொக் வைச்சுக்கொண்டு இல்லையெண்டுவினம். எல்லாம் பின்வாசலாலை போகுது. எனக்குத் தெரியும்!"

யாருக்குத்தான் தெரியாது? கியூவில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பின்வாசல் கதை தெரிந்திருந்தது. நானும் என் பங்குக்குத் தண்ணீர்ப் போத்தல்காரரின் கதையை எடுத்துவிட்டேன். நல்ல வரவேற்பு! பாதிப் பேர் கோபப்பட்டார்கள். ஒருவர் மட்டும் அந்த ஆளின் டெலிபோன் நம்பர் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

வெயில் ஏறிய பிறகு ஜீப்பும் என் காரும் செட்டின் வாசலுக்கு வந்துசேர்ந்தன. அங்கேதான் பெர்னடெற் அக்காவை முதலில் பார்த்தேன். அந்த செட்டின் மனேஜர். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் யாரோ விட்டுப்போன கிரிக்கெட் தொப்பி. சொந்தக்காரர் வெளிநாட்டில், இங்கே எல்லாம் இவர்தான். பம்புக்குப் பக்கத்தில் நின்று, ஒரு வாகனத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து விட்டுக்கொண்டிருந்தார். செட்டின் விலைப் பலகையில் பழைய விலை, பழையபடியே.

சுவரில் மூன்று மொழியிலும் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது: கேனில் எரிபொருள் வழங்கப்படமாட்டாது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கேனில் போவதுதான் பிறகு போத்தலில் வருகிறது.

அந்தச் சுவருக்குக் கீழே வந்து நின்றார்கள் இரண்டு பேர். இரண்டு கையிலும் கேன்.

கியூ கொதித்தது. ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. யோகன் ஜீப்பிலிருந்து பாய்ந்து இறங்கினார்.

"பாத்தியளே! நான் சொன்னனான்தானே? உவங்கள் நாளைக்கு இதைப் போத்தலிலை விப்பாங்கள்!"

வந்தவர்களில் மூத்தவர் முன்னுக்கு வந்தார். சேற்றில் தோய்ந்த கட்டைக் காற்சட்டை, உப்பில் வெளுத்த பெனியன். பெயர் சூசை என்றார். முகத்துவாரத்து மீன்பிடிக்காரர்.

"மிஸ், விக்கிறதுக்கு இல்ல. எங்கட மீன்பிடி போட்டுக்கு. வெல்லம்பிட்டிப் பக்கம் ஆக்கள் மேல்மாடியில நிக்கிறாங்க. நேத்துப் பூரா அவங்கள ஏத்தி எடுத்தோம். இப்ப எஞ்சினுக்கு ஒரு சொட்டு இல்ல."

"போட் எங்க?" பெர்னடெற் அக்கா கேட்டார்.

"லொறியில கிடக்கு. சந்தியில. இந்த கியூவால உள்ளுக்கு வர ஏலாது."

"ஓம் ஓம், போட்!" யோகன் சிரித்தார். "ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கதை கொண்டு வாறான்."

உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை. காலையில்தானே பெற்றோலை ஒருவர் குடிநீர் என்ற பெயரில் கொண்டுவந்து காட்டினார்? ஊரில் இரண்டு கள்ளர் இருந்தால் போதும். மிச்சம் எல்லோர் முகத்திலும் அந்தக் கள்ளத்தின் சாயலைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். கொள்ளை விலையில் நாம் இழப்பது காசு மட்டுமில்லை.

பெர்னடெற் அக்கா முதலாளிக்கு போன் அடித்தார். அங்கே நடுச்சாமமாக இருக்கவேண்டும். எடுக்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு யோகனைப் பார்த்தார்.

"அய்யா, நீங்கதானே நம்பலன்னு சொன்னீங்க? நடந்து போய் பாத்துட்டு வாங்க. நீங்க இல்லைன்னு சொன்னா நான் குடுக்கல. உங்க இடத்த யாரும் எடுக்கமாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு."

யோகன் இதை எதிர்பார்க்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேருக்கு முன்னால் எப்படி மாட்டேன் என்பது? போனைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தியை நோக்கி விறுவிறு என்று நடந்தார்.

அவர் திரும்பி வரும்வரை சூசை கேன்களைக் கீழே வைக்கவே இல்லை. வெறும் கேன்தான். ஆனாலும் வைக்கவில்லை.

யோகன் வந்தார். போனபோது இருந்த வேகம் இல்லை. என் கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். என்னிடம்தான் முதலில் சொன்னார்... குரல் இறங்கியிருந்தது.

"போட் கிடக்கு அக்கா. உள்ளுக்கை ஒரு பிளாஸ்ரிக் கதிரை. நாலு காலிலையும் கயிறு கட்டியிருக்கு. ஏன் எண்டு லொறி ட்ரைவரிட்டைக் கேட்டன். நடக்க ஏலாத வயசாளியளை மாடியிலையிருந்து அதிலை இருத்தித்தான் இறக்கிறவையாம்."

வாழ்நாள் முழுவதும் கதிரை வாடகைக்கு விட்ட மனிதர். பெர்னடெற் அக்காவிடம் போனார்.

"குடுங்கோ. என்ரை பங்கிலை பாதியை அதுக்குள்ளை ஊத்துங்கோ."

பெர்னடெற் அக்கா தலையாட்டினார். ஆனால் உடனே ஊற்றவில்லை. பம்பின் சீமெந்துத் திட்டில் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேளுங்க! நெலத்துக்கு அடியில தொட்டியில கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு. இந்தக் கேன நிரப்பினா உங்களுக்குக் குறையும். ஆளுக்குப் பாதி எடுத்தா, கடைசியில நிக்கிறவங்களுக்கும் போகும், போட்டுக்கும் போகும். என்ன சொல்றீங்க?"

முதல் குரல் எனக்குப் பின்னால் நின்ற ஆட்டோவிலிருந்து வந்தது. சிங்களச் சாரதி. தலையை வெளியே நீட்டி, "அக்கே, எயாலாட்ட தென்ன. அபி இன்னம்" என்றார். அவர்களுக்குக் கொடுங்கள் அக்கா, நாங்கள் காத்திருக்கிறோம் என்று அர்த்தம். அவருக்கு அன்றைய பெற்றோல்தான் அன்றைய உழைப்பு.

பிறகு ஒரு மோட்டார் சைக்கிள்காரர் கை தூக்கினார். ஒரு வேன். நானும் தூக்கினேன் - கிளினிக்குக்குப் போய்வர அந்தப் பாதி மட்டுமட்டாகக் காணும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துவிட்டுத்தான்! எல்லோரும் சம்மதித்தார்கள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் பெரிதாக ஏசிவிட்டு வாகனத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போனார். இன்னும் சிலர் போனை உயர்த்தி வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். சுவரில் தடை எழுதியிருக்க, அதற்குக் கீழேயே கேனில் பெற்றோல் ஊற்றுகிறார்கள்... எத்தனை பேர் பார்ப்பார்கள்!

பெர்னடெற் அக்கா அந்தப் போன்களைப் பார்த்தார்.

"எடுங்க. இத எங்கயாவது போட்டா என்ட வேலை போகலாம், எனக்குத் தெரியும். எடுக்கிறதுன்னா முழுசா எடுங்க. சந்திக்குப் போய்ப் படகையும் சேர்த்து எடுங்க!"

சொல்லிவிட்டுக் குழாயைத் தானே தூக்கிக் கேனுக்குள் வைத்தார். பம்பில் நிற்கிற பையன்களிடம் கொடுக்கவில்லை. பிறகு கேள்வி வந்தால் அந்தப் பையன்களிடம் வரக்கூடாது என்பதற்காக. இதை அவர் சொல்லவில்லை. எனக்கு அது விளங்க வீடுவரை போகவேண்டியிருந்தது.

சூசையும் மற்றவரும் கேன்களோடு ஓடினார்கள். கியூவின் பின்பக்கத்தில் இன்னும் ஹோர்ன். முன்னால் என்ன நடந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? யோகன் வாகனம் வாகனமாக நடந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தார். "போட்டுக்குக் குடுத்தது! வெள்ளத்திலை நிக்கிற சனத்துக்கு! ஆளுக்குப் பாதி! நான் என்ரை கண்ணாலை பாத்தனான்!" அதே குரல்தான். அந்தக் குரலுக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கும் என்று அதுவரை நான் நினைக்கவில்லை.

என் பாதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கிளினிக்குக்கும் போனோம். கண் நன்றாக இருக்கிறது என்றார் டொக்டர்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. அன்று மாலையே ஒரு வீடியோ சுற்றத் தொடங்கியது. சுவரில் தடை, கீழே கேன், கையில் குழாயோடு ஒரு பெண். அவ்வளவுதான். படகு இல்லை. 'கொட்டாஞ்சேனைக் கள்ளச்சந்தை ராணி' என்று யாரோ தலைப்பு வேறு கொடுத்திருந்தார். கீழே வந்த வசவுகளை நான் இங்கே எழுதமுடியாது. மனிதரைப் பாதியாக வெட்டிக் காட்டுவதற்கு இப்போது கத்தி தேவையில்லையே!

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். பெர்னடெற் அக்கா போனார். தனியாகப் போகவில்லை. சந்திக்கு நடந்துபோன அன்று, சூசையின் பொய்யை ஊருக்குக் காட்டுவதற்காக யோகன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே போயிருந்தார். படகு, கதிரை, கயிறு எல்லாம் அதில் இருந்தன. விசாரணைக்குக் கூப்பிட்டதை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவுடன் கூடாரக் கடையைப் பூட்டிவிட்டு அவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். எச்சரித்து அனுப்பிவிட்டார்களாம். வேலை போகவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளவத்தையிலேயே பெற்றோல் வந்த பிறகும் நான் கொட்டாஞ்சேனைக்குத்தான் போனேன். மனம் கேட்கவில்லை. பெர்னடெற் அக்கா நேரம் கிடைத்தபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

"பயமா இருக்கலையா?" என்று கேட்டேன்.

"இருந்திச்சி மிஸ். ரா முழுக்க நித்திரை இல்ல. ஆனா குடுக்காம விட்டிருந்தாலும் நித்திரை வந்திருக்காது. ரெண்டும் ஒண்ணுதான்னா குடுத்திட்டே முழிச்சிருக்கலாம்."

நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே சூசை வந்தார். கையில் ஒரு கேன். அதில் பாதிக்குமேல் பெற்றோல்! இரண்டு நாள் ஓடி எத்தனையோ குடும்பங்களைக் கரைசேர்த்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் பிந்திவிட்டதாம். அதைச் சொல்லும்போது வேறுபக்கம் பார்த்தார். பிறகு பெரிய படகுகள் வந்துவிட்டதால் இது மிஞ்சிவிட்டது.

"இது கியூவில நின்ட ஆக்கள்ட, மிஸ். எங்கட இல்ல."

திருப்பித் தொட்டிக்குள் ஊற்றமுடியாது. பெர்னடெற் அக்கா யோசித்துவிட்டு, கியூவின் முதலாவது ஆட்டோவைக் காட்டினார். சூசை அதற்குள் ஊற்றினார். சாரதி காசை எடுத்து நீட்டினார். சூசை வாங்கவில்லை. சாரதி அவர் பெனியனைப் பிடித்து இழுத்தார். இவர் கையைத் தட்டிவிட்டார். அவர் சிங்களத்தில் ஏசினார். இவர் தமிழில் ஏசினார். எடு என்று ஒருவர், வேண்டாம் என்று ஒருவர்...

பெற்றோலுக்காக அந்த மாதம் கொழும்பில் எத்தனையோ சண்டை நடந்தது. விலக்குப் பிடிக்க மனம் வராமல் நான் நின்று பார்த்தது இந்த ஒன்றைத்தான்.