தீயில்லாமல் வெந்த சோளச்சோறு

கோவில்பட்டியில் இருபது வருஷம் விறகுக் கடை நடத்திய மைதீனாகிய நான், என் வியாபாரத்தில் ஒரு பிடி மண்ணைப் போட்ட ஒருத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதற்கு அல்ல. இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

அவள் பெயர் பெருமாயி. என் கடைக்கு அடுத்த வளவில் குடியிருந்தாள். பருத்தியைக் கொட்டை நீக்கிப் பஞ்சாக்கும் ஜின் ஆலையில் வேலை. புருஷன் சங்கரபாண்டி மாட்டு வண்டி ஓட்டினார். வீட்டிலும் மாட்டை அதட்டுகிற குரல்தான். அவர் தம்பி சோலைச்சாமி நூற்பாலையில் ஷிப்டு பார்த்தான். தம்பி பெண்டாட்டி பாலம்மாள். இத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு.

பெருமாயிக்குப் பிள்ளை இல்லை. பாலம்மாளின் மூன்று வயது மகள் சண்முகத்தாய் பெற்றவளிடம் பால் குடித்ததோடு சரி. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் பெரியம்மா. ஜின்னிலிருந்து திரும்பும் பெருமாயி தெருமுனையிலேயே அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் வருவாள்.

அறுபத்து நாலாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கரிசல் காட்டில் பருத்திச் செடி முழங்கால் உயரம்கூட எழும்பவில்லை. அதனால், காய்ந்த செடியைப் பிடுங்கி எரிக்கிற பருத்திமாரும் கிராமங்களிலிருந்து வருவது நின்றது. ஊரே என் கடைக்கு வந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து விறகு ஏற்றி வருகிற லாரிக்காரன் வாடகையைக் கூட்டினான். நான் விலையைக் கூட்டினேன். வருஷம் முடிவதற்குள் விறகு இரண்டு மடங்கு விலை. கூட்டாமல் இருந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள், எனக்கும் வயிறு இருக்கிறது.

அடுத்த வளவில் சண்டை ஆரம்பித்தது. சோலைச்சாமி ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வருவான். நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி விழுங்கிய தொண்டை, சூடான சோறு இல்லாமல் இறங்காது. பாலம்மாள் மறுபடி அடுப்பை மூட்டுவாள்.

"ஒருத்தன் சோத்தச் சுட வைக்க தெனம் இத்தன வெறகா? வெறகு விக்கிற வெலையில இனி அவியவிய அடுப்பு அவியவியளுக்கு!" என்று சங்கரபாண்டி ஒருநாள் கத்தி, தம்பியைத் தனிக்குடித்தனம் போகச் சொல்லிவிட்டார்.

பாலம்மாள் ரோஷக்காரி. தன் அம்மா வீட்டுப் பக்கமே வீடு பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை புது அடுப்பில் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. அடுப்பு பிரிந்தால் பிள்ளையும் பிரியும். பெருமாயி யாரோடும் வாயாடவில்லை. ஆனால் அந்த வாரம் அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

ஜின்னில் ஒருநாள், எறும்புக்குப் பயந்து தன் கஞ்சித் தூக்குச்சட்டியைப் பஞ்சுக் குவியலுக்குள் செருகி வைத்திருக்கிறாள். மதியம் திறந்தால் ஆவி பறந்ததாம். மறுபடி அடுப்பு மூட்டாமலே மூன்று மணிக்குச் சூடான சோறு போடலாமே என்று அது அவள் நினைப்பில் கிடந்திருக்கிறது. மேஸ்திரியிடம் கேட்டுக் கூட்டித் தள்ளிய கழிவுப் பஞ்சை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள். பெரிய பனையோலைக் கடகப்பெட்டியில் அதைத் திணித்து, சோளச்சோற்றைப் பாதி வேக்காட்டில் இறக்கி, பானையோடு உள்ளே புதைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் நான் கருகல் வாடை பிடித்து ஓடினேன். பானை அடியில் ஒட்டியிருந்த கரியில் ஒரு பொறி கனன்றுகொண்டிருந்திருக்கிறது. பஞ்சில் பிடிக்கிற தீ வெளியே தெரியாது, உள்ளேயே தின்றுகொண்டு போகும். ஜின்காரிக்கு இது தெரியாதா? தெரியும். பிள்ளை போய்விடுமே என்ற பதற்றம் கண்ணை மறைத்துவிட்டது. குடம் குடமாய் ஊற்றி அணைத்தோம்.

"வீட்டையே கொளுத்தப் பாத்தியேட்டி!" என்று சங்கரபாண்டி குதித்தார். நானும் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் என் விறகு மலைபோல் கிடக்கிறதே! வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வியாழக்கிழமை காலையில் பெருமாயி என் கடை வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு நாளு பொறுத்துக்கிடுங்க. வெளி முத்தத்துல வச்சுதான் செய்யுதேன். நீங்க வாளியில தண்ணியோட இங்கன நில்லுங்க. பொகை வந்தா ஒரு வார்த்த கேக்காம ஊத்திருங்க."

என் விறகு விற்காமல் போவதற்கு நானே காவல் நிற்க வேண்டுமாம்! ஆனாலும் நின்றேன்.

இந்த முறை பானையை ஈரச் சாக்கில் உட்கார வைத்தாள். உஸ்ஸென்ற சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். அடிக்கரியைச் சுரண்டி, துடைத்து, புறங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகுதான் பஞ்சுக்குள் இறக்கி, மேலே பஞ்சு மூட்டையை அமுக்கினாள். அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு ஜின்னுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. புகை வரவில்லை. நான் வாளியை விட்டு நகரவில்லை.

மூன்று மணிக்குச் சோலைச்சாமி வந்தான். சங்கரபாண்டியும் வண்டியை அவிழ்த்துவிட்டு முறைத்துக்கொண்டு நின்றார். பெருமாயி மூட்டையைத் தூக்கி, மூடியைத் திறந்தாள்.

குப்பென்று ஆவி எழுந்தது. பாதி வெந்து உள்ளே போன சோளம் மல்லிகைப் பூவாய் மலர்ந்து வெந்திருந்தது. சங்கரபாண்டி நம்பாமல் விரலை விட்டுச் சுட்டுக்கொண்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனையோ லாரி விறகு விற்றவன் நான். தீயில்லாமல் ஒரு பானை வேகும் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

சோலைச்சாமி ஊதி ஊதித் தின்றான். இரண்டாவது தடவை வாங்கும்போது சங்கரபாண்டி தொண்டையைச் செருமினார்.

"ஏலே சோலை, ரெண்டு அடுப்பு எதுக்குலே? இங்கன இருக்க ஒரு அடுப்பே அணைஞ்சுல்லா கெடக்கு."

பெருமாயி பிள்ளைக்கு ஊட்டச் சோற்றைப் பிசைந்தாள். அவசர அவசரமாய் உருண்டை பிடித்துத் தட்டில் அடுக்கினாள். பாலம்மாள் மகளைத் தூக்கி வந்து அவள் மடியில் உட்கார வைத்தாள்.

"மெதுவா ஊட்டுங்கக்கா. நாங்க எங்கனயும் போகல."