குடுவையில் இரண்டு கோடு

சோழவரம் ஏரிக்கரையில் மழைமானியைப் பார்த்துக்கொண்ட லஸ்கர், அதாவது ஏரிக் காவலாள், ஒல்லியானவர். காக்கிச் சட்டையில் பொத்தான் ஒன்றுதான் மிச்சம். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியின் பாட்டிலை, கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் கவிழ்ப்பார். காய்ந்து கிடந்தாலும் கவிழ்த்து உதறிவிட்டுத்தான் சைக்கிளில் வந்து என்னிடம் அளவு சொல்வார். பொதுப்பணித்துறை ஆபீஸில் குமாஸ்தாவான நான் எழுதிக்கொள்வேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூலை. நாடு முழுக்க மழை பொய்த்து, பத்திரிகைகள் ஊர் ஊராக வறட்சிச் சாதனைகளை அச்சிட்டன. இங்கேயும் ஒரு சொட்டு இல்லை.

"பெய்யலன்னு சொல்றதுக்கு இன்னாத்துக்குய்யா தெனம் சைக்கிள் மிதிக்கிற?" என்றேன்.

"பெய்யலன்றதயும் ஒர்த்தன் பாத்துட்டுதான சார் சொல்லணும்?"

நான் பார்க்கவில்லை. கடைசி மூன்று நாட்களுக்கும் முன்கூட்டியே பூஜ்யம் போட்டு, மாத அறிக்கையைத் தபாலில் சேர்த்துவிட்டேன். முப்பத்தொன்றாம் தேதி காலை அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"விடிகாலைல தூறிச்சி சார். குடுவைல ரெண்டு கோடு ஏறிக்கினு நிக்குது."

அறிக்கை போய்விட்டதைச் சொன்னேன். "ரெண்டு கோடுதான, வுடுய்யா."

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். ஜூலையில் துளி மழையும் காணாத ஊர்கள் என்று பத்திரிகை போட்ட பட்டியலில் சோழவரமும் இருந்தது.

ஆகஸ்டில் மழை வந்தது. அதன்பின் அவர் வாயால் அளவு சொன்னதே இல்லை. பாட்டிலையும் குடுவையையும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, என் மேஜைமேல் வைத்து ஊற்றுவார்.

"நீயே பாத்துக்க சார்."

நான் குனிந்து கோட்டைப் பார்த்து எழுதி முடிக்கும் வரை நிற்பார். கோபமா என்று கேட்க எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை.