ஒன்பது பேர் சேர்ந்தால் இஜ்மா ஆகுமா? தேங்காய்ப்பட்டினம் போய்க் கேட்ட கதை

இந்த 1953 ஜனவரியில் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் தேங்காய்ப்பட்டினம் போனது கடல் பார்க்க அல்ல. என் தங்கை ஜைனபு இனி கல்யாணம் செய்துகொள்ளலாமா, கூடாதா என்று கேட்கப் போனேன். இப்படிக் கேள்வியோடு அலைகிற குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கு உதவும் என்றுதான் வழியையும் செலவையும் சேர்த்து எழுதுகிறேன். கோபமும் கூடவே வரும். மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன்.

நான் ஓவர்சியர் படிப்புப் படித்தவன். பேச்சிப்பாறைக் கால்வாய்களில் வேலை. எங்கள் ஊர் நாகர்கோவிலுக்குக் கிழக்கே, பெயர் வேண்டாம். ஜைனபுவின் மாப்பிள்ளை 1947 கடைசியில் குளச்சலிலிருந்து கொழும்புக்குக் கயிறு ஏற்றிப் போன பாய்க்கப்பலில் சமையலாளாகப் போனார். கப்பல் கொழும்பு சேரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அடுத்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து அவளே பள்ளிவாசல் வளாகத்துக்கு வந்து, திரைக்குப் பின்னால் நின்று, தொழவைக்கிற கத்தீபிடமும் ஜமாத்துக் கமிட்டியிடமும் கேட்டாள்: நான் எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? கமிட்டி ஒன்பது பேர். அரை மணி நேரம் பேசி, மாப்பிள்ளை வரும்வரை காத்திருக்கட்டும் என்று முடிவு கட்டி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நானும் அங்கே இருந்தேன்.

இப்போது தக்கலையில் ஒரு தையல்காரர் அவளைக் கேட்டு வந்திருக்கிறார். மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை. நல்ல மனிதர். ஆனால் அவருடைய உம்மா, இந்த நோன்புப் பெருநாளுக்குள் முடியாவிட்டால் வேறு பெண் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். நான் கமிட்டித் தலைவரான முத்தவல்லியிடம் போனேன். அரிசி மொத்த வியாபாரி. ஊரில் எல்லாருக்கும் முதலாளி.

"தம்பி, அது அண்ணைக்கே ஒம்பது பேரு கூடி முடிவாக்கின காரியமாக்கும்" என்றார். "இஜ்மா ஆச்சுது. இஜ்மாவ மாத்தப்படாது."

"மொதலாளி, இஜ்மான்னா என்னன்னு தெரியுமா?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டா இஜ்மா. எங்க கமிட்டியில ஒருத்தன்கூட மறுத்துப் பேசல்ல. பர்மாக்காரனுக்க கத கேட்டிருப்பியே? செத்துட்டான்னு பொண்டாட்டிய வேற ஒருத்தனுக்குக் கெட்டிக்குடுத்த பொறவு, எட்டு வருசம் கழிச்சு வந்து நின்னான். அவனுக்குப் பதில் சொல்ல நாக்கு வேணுமே."

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் மார்க்கச் சட்டத்துக்கு ஆதாரம் நான்கு. முதலாவது குர்ஆன். இரண்டாவது நபியின் சொல்லும் நடப்பும், அதாவது ஹதீஸ். மூன்றாவது இஜ்மா: ஒரு காலத்து மார்க்க அறிஞர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுவது. நான்காவது கியாஸ்: தெரிந்த ஒரு சட்டத்தின் காரணத்தை எடுத்துப் புதிய விஷயத்துக்குப் பொருத்துவது. நெல்லும் அரிசியும் கயிறும் விற்கிற ஒன்பது பேர் மின்விசிறிக்குக் கீழே தலையாட்டுவது இந்த நான்கில் எதிலும் சேராது. ஆனால் எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி ஊர்களில் ஜமாத்துக் கூட்டத்தின் முடிவைத்தான் இஜ்மா என்கிறார்கள். மட்டம் பார்க்கிறவன் அரசாங்கக் குறிக்கல்லை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் படியை வைத்து அளந்தால் கால்வாயில் தண்ணீர் ஓடுமா?

முதல் நாள் காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினோம். ஜைனபுவும் கூட வந்தாள். "எனக்க காரியத்த நீ போய்ச் சொன்னா நீ சண்டபோட்டுட்டு வருவே, காக்கா" என்றாள். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். தக்கலை பத்து மைல்; ஆளுக்கு ஐந்தணா. சாலை சிமென்டு, நன்றாக இருக்கிறது. ஓரங்களில் மண் அரித்துச் சிமென்டுப் பலகை தொங்குகிற இடங்கள் வில்லுக்குறிக்கு முன்னும் பின்னும் உண்டு. ஜன்னல் ஓரம் உட்காருகிறவர்கள் கையை உள்ளே வைத்துக்கொள்ளவும்.

தக்கலைப் பக்கத்தில் பெயர்பெற்ற மார்க்க அறிஞரான ஓர் ஆலிமைப் பார்த்தோம். வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்கவைத்து அப்புறம் கூப்பிட்டார்.

"நம்ம ஷாபி மத்ஹபுல, அவனுக்க வயசு உள்ளவங்க எல்லாம் மவுத்தாகுத காலம் வரை காக்கணும்" என்றார். மத்ஹபு என்பது மார்க்கச் சட்டத்தின் ஒரு வழிமுறை; எங்களுடையது ஷாபி.

"அது நாலு ஆதாரத்துல எதுலேருந்து வருது?"

"கிதாபுல இருக்கு."

"கிதாபுக்கு எதுலேருந்து வந்துச்சு?"

"நீரு யாரு, எஞ்சினியரா? பாலம் கெட்டப் போவும். மார்க்கத்துல கை போடாதேயும்."

வெளியே வந்து நான் கத்தினேன். பஸ் நிலையத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜைனபு துப்பட்டிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அவங்க சோட்டுக்காரங்க எல்லாம் மவுத்தாக இன்னும் அறுபது வருசம் ஆவும். அதுக்குப் பொறவு தையல்காரருக்கு ஊசியில நூலு கோக்கக் கண்ணு தெரியுமா, காக்கா?"

அவள் சிரித்தது எனக்குக் கோபத்தை இன்னும் கூட்டியது.

தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் ஒன்பது மைல், ஐந்தணா. அங்கே பஸ் மாறிப் புதுக்கடை, மூன்றணா. பகல் ஒன்றரைக்குப் பிறகு தேங்காய்ப்பட்டினத்துக்கு பஸ் இல்லை என்றார்கள். இருந்தது, ஆனால் டிரைவர் சாப்பிடப் போனவர் வரவில்லை. ஒரு ரூபாய் கொடுத்து வில்வண்டி பிடித்தோம். நான்கு மைல், இரண்டு பக்கமும் தென்னை. வண்டிக்காரர் மூன்று தடவை கேட்டார், நாங்கள் எந்த வீட்டு ஆட்கள் என்று. சின்னும்மா வீட்டுக்கு என்று சொன்ன பிறகுதான் மாட்டை விரட்டினார். சின்னும்மா எங்கள் உம்மாவின் தங்கை. அவள் வீட்டில் மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் கிடைத்தன. அந்த ஒரு நேரம் நான் யாரையும் திட்டவில்லை.

மறுநாள் காலை, மார்க்க வழக்குகளைத் தீர்க்கிற அந்த ஊர்க் காழியைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும். பல்வலியோ என்னவோ, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேசினார். நான் நான்கு ஆதாரங்களையும் வரிசையாகச் சொல்லி என் வாதத்தை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, கொஞ்சம் வாய மூடும். மாப்பிள்ள காணாமப் போனது ஒமக்கா, இவளுக்கா?" என்றார். பிறகு திரையின் பக்கம் பார்த்து, "மோளே, நீ சொல்லு" என்றார்.

ஜைனபு சொன்னாள். அழவில்லை. கப்பல் போன மாதம், அப்போது அவளிடம் விட்டுப்போன செலவுப் பணம் எத்தனை நாள் வந்தது, பிறகு பாய் முடைந்தது, 1948-இல் கமிட்டியில் கேட்டது, எல்லாவற்றையும்.

காழி விளக்கினார். காணாமல் போனவன் மனைவியைப் பற்றிக் குர்ஆனில் நேரடியான ஆயத்து இல்லை. சந்தேகமில்லாத ஹதீஸும் இல்லை. இரண்டாம் கலீபா தம் காலத்தில் நான்கு வருடம் என்று தீர்த்தார். மாலிகி மத்ஹபு அதை எடுத்துக்கொண்டது. நம் மத்ஹபை வகுத்த ஷாபி இமாமும் முதலில் அதையே சொல்லி, பிற்பாடுதான் மாற்றினார். எல்லாரும் ஒத்துப்போகாத விஷயம் என்பதால் இதில் இஜ்மாவே இல்லை. "செலவுக்குக் குடுக்க வக்கில்லாதவனப் பிரிக்க நம்ம மத்ஹபுலயே வழி இருக்கு. ஆளே இல்லாதவன் அதவிட மேலா? அந்தக் காரணத்த வச்சுப் பாக்குதது கியாஸ். இவளப்போல கஷ்டத்துல இருக்கவளுக்கு மாலிகிப்படி தீர்க்கலாம்னு நம்ம நாட்டு ஆலிம்களே சம்மதிச்சிருக்காங்க."

"அப்போ அஞ்சு வருசம் தாண்டியாச்சே. தீர்த்துவிடும்" என்றேன்.

"கப்பல் போன நாளுலேருந்து எண்ணப்படாது. பொம்பள காழிக்கிட்ட வழக்குச் சொன்ன நாளுலேருந்துதான் நாலு வருசம். இண்ணைக்குச் சொன்னா இண்ணைலேருந்து."

இன்னும் நான்கு வருடம். நோன்புப் பெருநாளுக்கு இருப்பது ஐந்து மாதம்.

காழிதான் மறுபடி பேசினார். "அண்ணைக்கு ஒங்க ஊருல கேட்டேன்னு சொன்னியே மோளே, கத்தீபு இருந்தாரா? காழி இல்லாத ஊருல வழக்குத் தீர்க்குதது அவருதானே."

"இருந்தாரு. கமிட்டி முழுக்க இருந்துச்சு. இல்லன்னு சொன்னதே அவங்கதான்."

"இல்லன்னு சொல்லணும்னா, கேட்டிருக்கணும்லா? அப்போ வழக்கு அண்ணைக்கே வந்தாச்சு. அண்ணைலேருந்து நாலு வருசம் கழிஞ்சும் போச்சு. கேட்டதுக்கு ரெண்டு சாட்சி வேணும். கப்பல் வரல்லங்கதுக்கும் விசாரிக்கணும்."

முதலாளி மார்தட்டிக்கொள்கிற அந்த முடிவே என் தங்கைக்குச் சாட்சியாக நின்றது. ஒரு சாட்சி நான். உடன்பிறந்தவன் சாட்சி சொல்லலாம் என்றார். இன்னொரு சாட்சி? அந்த ஒன்பது பேரில் ஒருவர் பழைய கயிறு வியாபாரி; பிறகு குளச்சலுக்கே போய்க் கயிற்றுக்கடை வைத்துவிட்டார். அந்தக் கப்பலில் போனதில் பாதிக் கயிறு அவருடையது.

குளச்சல் பத்து மைல். சைக்கிள் வாடகை ஒரு நாளைக்குப் பன்னிரண்டணா. கடலோர வழியில் போகாதீர்கள்; மணல். கால்வாய்க் கரை நன்றாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். கால்வாய் பல இடங்களில் தூர்ந்து, கரை எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. மிடாலம் பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், கழுத்தில் சிலுவை, என்னைப் பார்த்துக் கேட்டார்: "மக்கா, நீ சைக்கிள்ல போறியா, சைக்கிள் ஒனக்க மேல போவுதா?" சைக்கிள் அப்போது என் தோளில் இருந்தது. சரியான வழியை அவர்தான் காட்டினார்.

கயிற்றுக்கடைக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "இது நடந்தா மொதலாளிக்கு நாணக்கேடு வருமா?"

"வரும்."

"அப்போ நாளைக்குக் காலத்தே வாறேன்."

முதலாளிக்கும் இவருக்கும் ஏதோ பழைய பகை. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காக அல்ல, அந்தப் பகைக்காகத்தான் இவர் வண்டி கட்டினார். நான்கரை வருடத்துக்கு முன்னால் அதே கூட்டத்தில் தலையாட்டிய ஒன்பதில் இவரும் ஒருவர். அதைச் சொல்லிக் காட்ட நாக்கு நுனிவரை வந்தது. சாட்சி வேண்டியிருந்ததால் விழுங்கினேன்.

மூன்றாம் நாள் விசாரணை. கயிற்றுக்கடைக்காரர் உள்ளதைச் சொன்னார். அதில் குறை சொல்ல முடியாது. "கப்பல் போன மாப்பிள்ளைய எத்தன நாளு காக்கணும்னு இவ கேட்டா. மொதலாளி சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம்" என்றார். கப்பலைத் தேடி ஆலப்புழைக்கும் கொழும்புக்கும் தாம் தந்தி அடித்ததையும், ஒரு விவரமும் வராததையும் சொன்னார்.

காழி கேட்டுவிட்டு, "தீர்க்கலாம். ஆனா இவ ஒங்க ஊருக்காரி. அங்க உள்ள கத்தீபு தீர்க்கணும்" என்றார்.

நான் எழுந்தேவிட்டேன். எங்கள் கத்தீபு முதலாளியின் அரிசியைத் தின்கிறவர். அவர் எப்படித் தீர்ப்பார் என்று கேட்டேன். காழி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார். பதில் சொன்னது ஜைனபு.

"நான் இங்கயே குடியிருந்தா?"

காழி மெதுவாகச் சொன்னார்: "எனக்க எல்லையில குடியிருக்கவளுக்குத் தீர்க்குத பொறுப்பு எனக்காக்கும்."

"அப்போ நான் சின்னும்மா வீட்டுல குடியிருக்கேன். காக்கா, எனக்க துணிப்பெட்டிய அடுத்த தடவ கொண்டு வா."

அன்றைக்கே அசர் தொழுகைக்குப் பிறகு, மாப்பிள்ளை இறந்தவராகக் கொள்ளப்படுவார் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து இத்தா, அதாவது கணவனை இழந்தவள் மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம், நான்கு மாதம் பத்து நாள். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் முடிந்துவிடும். சின்னும்மா அடுத்த அறையில் அழுதாள். ஜைனபு அப்போதுதான் முதல் தடவையாக மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, இறந்தவர்களுக்காக ஓதுகிற யாசீனை அவருக்காக ஓதச் சொன்னாள். ஐந்து வருடமாக அவர் செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல், அவருக்காக ஓதக்கூட அவளை ஊர் விடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாலை பஸ்ஸில் நான் தனியாகத் திரும்பினேன். தக்கலையில் இறங்கித் தையல்காரரிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த சட்டையை நிறுத்தாமலே, "பெருநாள் வரைக்கும் நான் இருக்கேன்" என்றார்.

இதே கேள்வியோடு புறப்படுகிறவர்களுக்கு: தேங்காய்ப்பட்டினம் போவதானால் நாகர்கோவிலில் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், புதுக்கடையில் பகல் தாண்டினால் வண்டிக்கூலி தண்டம். போகவர இருவருக்கு, சைக்கிளும் வண்டியும் சேர்த்து, ஐந்து ரூபாய் போதும். யார் என்ன சொன்னாலும், நான்கில் எதிலிருந்து சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்; திட்டினால் திட்டட்டும். பெண்ணைக் கூட்டிப் போங்கள், அவளையே பேச விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கை இன்றைக்கே, சாட்சியோடு, உரக்கச் சொல்லிவையுங்கள். இல்லை என்று சொன்னாலும் காலம் அன்றிலிருந்து ஓடும்.

என் கோபம் தீரவில்லை. சட்டம் அவளுக்கு எப்போதோ கொடுத்ததை வாங்க அவள் பிறந்த வீட்டை விட்டு முப்பது மைல் தள்ளிக் குடியேற வேண்டியிருந்தது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து முதலாளி என்னை வழியில் நிறுத்தினார். "கமிட்டியக் கேக்காம பொண்ண எங்கயோ கொண்டுபோய் விட்டிருக்கியாமே. எப்பத் திருப்பிக் கூட்டிட்டு வரப் போறே?"

"நான் கூட்டிட்டு வரமாட்டேன், மொதலாளி. அவளுக்க மாப்பிள்ள கூட்டிட்டு வருவான்" என்றேன்.