சிவப்புக் கோடு விழுந்த எண்கள்

சித்தி, இருபது வருடம் மொட்டைமாடியில் வெயில் காய்ந்தே சம்பளம் வாங்கியவள். வானிலை நிலையத்தில் ஓசோன் அளக்கும் வேலை. ஆள் நீளத்துக்கு ஒரு கருவி. தினமும் உச்சிவெயிலில் அதன் சக்கரத்தைத் திருகி, முள் நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு, எண்ணைக் குறிப்பாள்.

ஒரு வசந்தத்தில் எண்கள் சரியத் தொடங்கின. முந்நூறு வர வேண்டிய இடத்தில் இருநூறு. பிறகு அதற்கும் கீழே. மும்முறை அளந்துவிட்டுத்தான் கொடுத்தாள். இயக்குநர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“ஏம்மா, வானத்துல ஓட்டை விழுந்துடுச்சா? கண்ணாடியை மாத்தும்மா.”

இருநூற்றுப் பதினான்கு எண்களை அடித்தார். பணிப்பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி, அவளைக் கீழே ஆவண அறைக்குத் தள்ளினார்.

சித்தி அழவில்லை. அடிபட்ட தாள்களையும் கூடவே கொண்டுபோய் நாள்வாரியாக அடுக்கினாள். அந்தச் சொல் மட்டும் நாக்கிலேயே தங்கிவிட்டது. குழம்பில் உப்பில்லை என்று சித்தப்பா சொன்னால், “கவனக்குறைவு” என்பாள், சிரிக்காமல்.

ஆறு வருடம் கழித்து, தூரத்து நிலையம் ஒன்று அதே சரிவை அறிவித்தது. ஓசோன் படலம் மெலிகிறது என்று பத்திரிகைகள் அலறின. அன்றே இயக்குநர் படியிறங்கி வந்தார்.

“அந்தப் பழைய தாளெல்லாம் இருக்காம்மா? நாமளும் அப்பவே பார்த்தோம்னு இன்னைக்குத் தபால்லயே எழுதணும்.”

“நாமளா, சார்?”

சித்தி சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளைக் காட்டினாள். “அசல் வெளிய போகக் கூடாது. நகல் இயந்திரமும் கூடாது. கையால எழுதிக்கலாம், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். நீங்க போட்ட விதிதான்.”

முக்காலியில் உட்கார்ந்து, தான் அடித்த எண்களை ஒவ்வொன்றாக இயக்குநர் எழுதினார். எதிரே சித்தி நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, அளவுகோலை வைத்துச் சரிபார்த்தாள். நூற்று எண்பத்தேழு என்பதை நூற்று எழுபத்தெட்டு என்று எழுதியிருந்தார்.

சிவப்புப் பேனாவால் அடித்தாள். ஓரத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி, கீழே கையெழுத்திட்டாள்.

“இதை எப்படிம்மா வெளிய அனுப்புறது?”

“வேணாம்னா முதல்லேருந்து எழுதுங்க, சார். அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன்.”

மணி நாலே முக்கால். அவர் தாளை மடித்து உறையில் போட்டார். ஒட்டப் பசைப்புட்டியைச் சித்திதான் நகர்த்தி வைத்தாள்.