மெர்ல் டாகெட் போட்ட ஆடாத கம்பி

மெர்ல் டாகெட் எங்கள் மாவட்டத்தின் பள்ளிப் பேருந்துகளை இருபத்தாறு வருடம் பழுது பார்த்தவன். அதனால் உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் பழுது பார்க்கும் உரிமை தனக்கு வந்துவிட்டதாக நினைப்பு. பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டருக்கே எந்தப் பக்கம் அசைத்தால் சீக்கிரம் வரும் என்று பாடம் எடுத்தான். தப்பான பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அதற்கும் டாக்டர்தான் காரணமாம்!

மே மாதம் முதல் சனிக்கிழமை எங்கள் ஜீப் கிளப் கழுதைப்படி என்ற பாறைச் சரிவில் ஏறும். பதினான்கு வருடமாக முதல் வண்டி மெர்லுடையது. கிளப்பின் ஆரஞ்சுக் கொடி அதில்தான் பறக்கும். பக்கத்து இருக்கை எனக்கு. லூதர் என்ற என் பெயரைவிட மெர்லின் ஆள் என்றால்தான் ஊரில் தெரியும். முதல் வண்டியை யாரும் முந்தக் கூடாது. அது மாட்டிக்கொண்டால், ஓட்டுகிறவன் தன் வாயால் கயிறு கேட்கும்வரை யாரும் கொக்கி மாட்டவும் கூடாது. கேட்டுவிட்டால் கொடி, வண்டியை இழுத்தவருக்குப் போய்விடும்.

போன வருடம் மெர்லின் வண்டி உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததே பெரும்பாடு. அவனுடைய ஜீப்புக்குப் பின்னால் ஸ்பிரிங் பட்டைகள். பாறையில் அழுத்தி மிதித்தால் பட்டை முறுக்கிக்கொள்ளும், சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் திமிறும், சக்கரம் தவளை மாதிரி குதிக்கும். அதை அடக்க ஆக்சிலிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கு ஒரு முட்டுக் கம்பி போடுவார்கள். இந்த வருடம் மெர்லும் போடத் தொடங்கினான்.

அவன் கராஜுக்குக் கோரினா பாக்கா வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மலையில் இரண்டாவது வண்டி அவளுடையது. அவள் தன் வண்டிக்கு ஏற்கெனவே அந்தக் கம்பியைப் போட்டிருந்தாள். குனிந்து பார்த்தவள் பதறிவிட்டாள்.

"மெர்ல், சேஸ் பக்கம் அப்படியே ஒட்டிடாத. ஊஞ்சல் மாதிரி ஆடுற ஷாக்கிள் ஒண்ணு வச்சு மாட்டு. ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்சில் முன்னபின்ன நகரணும்ல?"

"ஆட்டத்த நிறுத்தத்தான கம்பியே போடறேன்? அதுலயும் ஊஞ்சல் கட்டச் சொல்றியே!"

"திமிர்றத நிறுத்து. அசையறதயே நிறுத்திட்டா எப்படி?"

"நீ பஸ்ஸ ஓட்டும்மா. இரும்ப என்கிட்ட விடு. என்ன லூதர்?"

நான் தலையாட்டினேன். அவள் சொன்னது சரி என்று தெரிந்தேதான் ஆட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மெர்ல் இரண்டு முனையையும் அசையாதபடி வெல்டிங் வைத்தான். பின் பம்பரில் ஏறிக் குதித்துக் காட்டினான். வண்டி அசையவே இல்லை. "பாத்தியா, மலை மாதிரி நிக்குது!" என்றான். மலை நிற்கட்டும், ஜீப் எதற்கு நிற்க வேண்டும்? என்று நினைத்துக்கொண்டே அதற்கும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை மூன்றாவது படி. இடது பின்சக்கரம் பாறைமேல் ஏறியது. வலது சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைப் பிடிக்க வேண்டும். இறங்கினால்தானே! கம்பி ஆக்சிலை நகர விடாமல் பிடித்துக்கொண்டது. சக்கரம் அந்தரத்தில் நின்று வெறும் காற்றில் சுற்றியது. வண்டி வலப்புறம், என் பக்கம் சாய்ந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மெர்ல் எஞ்சினை அணைத்தான். பின்னால் இருபத்தொரு வண்டிகள் நின்றுவிட்டன.

ஒரு மணி நேரம் போனது. பின்னாலிருந்தவர்கள் மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்து பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய பர்ரிட்டோ ரொட்டிகளைப் பிரித்துவிட்டார்கள்.

"மெர்ல்! அங்கயே குடியேறிட்டியா? வீட்டு வரி கட்டிடுப்பா!" என்று ஒருவன் கத்தினான்.

"எஞ்சின் ஆறட்டும்னு நிக்கறேன்!" என்றான் இவன்.

இரண்டாவது மணி நேரத்தில் என் காதோரம் குனிந்தான். "லூதர், கயிறு வேணும்னு நீ கேளேன்."

"நான் கேட்டா செல்லாதுப்பா."

"என் குரல் மாதிரி கேளு. யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒனக்குத் தலையாட்டியே என் கழுத்து தேஞ்சுபோச்சு. அவ சொன்னப்பவே அந்த ஷாக்கிள வச்சிருந்தா இந்நேரம் மேல உக்காந்து பீர் குடிச்சிருப்போம். கொடி ஒன்னுது, வாயும் ஒன்னுது. நீயே கேளு!"

அவன் காது சிவந்துவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மூன்றாவது மணி நேரம் முடிகிற சமயம் கோரினா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தாள். மெர்லின் கதவருகே நின்றாள். மெர்ல் கண்ணாடியைப் பாதி இறக்கினான்.

"கயி..." என்று முனகினான்.

"என்ன மெர்ல்? எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

எஞ்சின் அணைந்து மூன்று மணி நேரம் ஆகிறது.

"கயிறு குடு!"

கீழே வரிசையாக நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. பாவி மனுஷன், அந்த நிமிடம் எனக்கே பாவமாகிவிட்டது. கோரினா தன் வண்டியைச் சுற்றி முன்னால் கொண்டுபோய், கயிறு மாட்டி எங்களை மேலே இழுத்தாள். உச்சிக்குப் போனதும் மெர்ல் கொடியைக் கழற்றி, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

பிறகு யாரும் எதிர்பாராத ஒன்று செய்தான். அவள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். கம்பியின் முனையில் ஆடுகிற அந்த ஷாக்கிளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கூட்டம் முழுவதும் குனிந்து எட்டிப் பார்த்தது. மனிதன் ஒருவழியாகத் திருந்திவிட்டான், வெளியே வந்ததும் தோளில் தட்டிக்கொடுக்கலாம் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

மெர்ல் வெளியே வந்து முதுகுத் தூசியைத் தட்டினான்.

"போல்ட்டு துருப் பிடிச்சிருக்கு," என்றான்.

கோரினா கொடியைக் கட்டுவதை நிறுத்தவே இல்லை. "ஆமா மெர்ல்," என்றாள். "அந்தத் துருதான் ஒன்னயும் சேத்து இழுத்துட்டு வந்துச்சு."