மடியில் ஒரு பை

கோர்ட்டில் உட்கார்ந்தபடியே கனவு காண முடியுமா? முடியும். போன செவ்வாய்க்கிழமை நான் கண்டேன். தலைக்கு மேல் ஃபேன் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த கடல் காற்று இமையை இழுத்தது. ஹார்பரில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அதில் ஏறி நானும் போய்க்கொண்டே இருந்தேன்...

பக்கத்தில் பிலோமினா விசும்பினாள். கரைக்கு வந்தேன்.

பிலோமினா, ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரி. அவள் புருஷன் அந்தோணிக்கு எண்ணூர் பக்கம் ஒரு ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட். அவனைக் கஞ்சா கேஸில் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஜாமீன் கேட்டு வந்திருந்தோம். ஜாமீன்தாரர் அடியேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிற குழந்தை, கோயில் வாசலில் நின்று அப்பனைத் தேடினால்?

அப்படி என்ன குற்றம் செய்தான் அந்தோணி? பஸ்ஸில் அவனுக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான்!

ஷிஃப்ட் முடிந்து ஏறிய காலை பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. நின்றுகொண்டிருந்த யாரோ ஒருத்தன், "இத்த கொஞ்சம் வச்சிக்க நைனா" என்று துணிப்பை ஒன்றை நீட்டினான். இவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். நம்மூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் மடி, நிற்பவனுக்குச் சொந்தம் — உங்களுக்குத் தெரியாததா? எர்ணாவூர் தாண்டியதும் சிலுசிலுவென்று காற்று. நைட் ஷிஃப்ட் உடம்பு, அப்படியே தூங்கிப்போனான். திருவொற்றியூரில் சாராயம் தேடி பஸ்ஸை நிறுத்திய போலீஸ், இவன் மடியில் கஞ்சாவைக் கண்டெடுத்தது. பையைக் கொடுத்தவன் மாயம்!

"கனாவுல எம் பொண்ணு வெள்ள கவுனு போட்டுகினு மடியில குந்திகினு இருந்தா சார்... கண்ண முயிச்சா போலீஸு" என்றான் லாக்கப்பில் என்னிடம். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு பார்த்தான், பாவி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். "முன்பின் தெரியாத ஆளுடைய பையை, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் யாராவது மடியில் வைத்துக்கொள்வார்களா?"

மனுஷர் பஸ்ஸில் போனதே இல்லையோ? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாஜிஸ்திரேட்டோ தலையை ஆட்டினார். போச்சு, ஜாமீன் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

அந்தோணி உள்ளூர்க்காரன்தானா, ஓடிவிடுவானா என்று விசாரிக்க மனைவியைக் கூப்பிட்டார்கள். பிலோமினா பதறி எழுந்தாள். கையில் புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த பை. சோற்றைத் தரையில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம், "இத்த கொஞ்சம் வச்சிக்க அண்ணே" என்று நீட்டினாள்.

அவர் தொப்பியை நகர்த்திவிட்டு, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். யார் என்கிறீர்கள்? பஸ்ஸில் அந்தோணியைப் பிடித்த அதே ஏட்டு!

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏட்டு, அந்தம்மா உமக்கு உறவா?"

ஏட்டு பையும் கையுமாக எழுந்து நின்றார். "இல்லீங்க ஐயா."

"பையில் என்ன இருக்கிறது?"

ஏட்டு பையைப் பார்த்தார். பிலோமினாவைப் பார்த்தார். "தெரியாதுங்க ஐயா."

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. சர்க்கார் வக்கீலும்தான். கேஸ் இன்னும் நடக்கும். ஆனால் ஜாமீன் கிடைத்துவிட்டது. ஜாமீன் பத்திரத்தில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வராந்தாவில் ஏட்டு பையைத் திருப்பிக் கொடுத்தார். பிலோமினா கும்பிட்டாள்.

"காரப்பொடி மீன் கொழம்புதானேம்மா?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கையில வாங்குறப்பவே வாசன தூக்கிச்சு. தெரியும்னு சொல்லியிருந்தா, உம் புருசன் இன்னிக்கு வூட்டுக்கு வருவானா?"

அந்த ஏட்டின் பெயரென்ன என்று எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். தெரியாதுங்க ஐயா!