பீட்ரூட் சாறு குடித்து மலையேறியது

நாற்பத்தெட்டு வயதில் நான் ஓடத் தொடங்கியதற்கு என் நாத்தனார்தான் காரணம். கள்ளக்குறிச்சியில் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிறோம். விடிந்ததும் பைபாஸ் ஓரமாக, கரும்புத் தோட்டங்களின் ஈர வாசனைக்குள் ஓடுவோம். அவள் முன்னால், நான் பின்னால்.

ஒருநாள் பீட்ரூட் சாறு கொண்டுவந்தாள். "குடிங்க அண்ணி. இதுல நைட்ரேட் இருக்குதாம். மூச்சு வாங்குறது கம்மியாகி, ரொம்ப தூரம் ஓடலாமாம்."

மழை பெய்த மண்ணைக் குடிப்பது போலிருந்தது. மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போக, பயந்து அவளுக்குப் போன் செய்தேன்.

"எனக்கும்தான். அது பீட்ரூட் கலர்," என்று சிரித்தாள்.

வெள்ளிமலைச் சாலையில் ஓடி ஏற வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பெரிய டம்ளர் நிறையச் சாறும் குடித்துவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். அடிவாரத்தில் இறங்கி ஓடத் தொடங்கினோம்.

மலையே மேகத்துக்குள் இருந்தது. சில வளைவுகள் தாண்டியதும் கால்கள் இருப்பதே தெரியவில்லை. என் மூச்சு வேறு யாருடையதோ போலத் தூரத்தில் கேட்டது. சாறு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய மஞ்சள் துப்பட்டா வெண்மைக்குள் கரைந்து, மறுபடி தெரிந்தது. பிறகு சாலை மெதுவாக எழுந்து என் கன்னத்தைத் தொட்டது.

கண் திறந்தபோது என் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்திருந்தாள். இலைகளிலிருந்து சொட்டிய நீர் நெற்றியில் விழுந்தது. எழவே மனமில்லை.

சாமை மூட்டை ஏற்றி வந்த ஜீப் நின்றது. "இன்னாங்க ஆச்சு?" என்றார் டிரைவர்.

"ஓடிக்கினே இருந்தாங்க, மயங்கிட்டாங்க. ஆஸ்பத்திரில வுட்டுடுங்க," என்றாள்.

வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். மிகவும் இறங்கியிருந்தது. சாறு குடித்ததைச் சொன்னேன்.

"அந்தச் சாறும் ரத்தக்குழாயைத் தளர்த்தும். மாத்திரையும் போட்டுக்கினு, மலையும் ஏறினா பிரஷர் ஜாஸ்தி இறங்கிடும். இனிமே குடிக்காதீங்க."

திரும்பும் பஸ்ஸில் அவள் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் என் கையை இறுக்கிக்கொண்டாள்.

"கீழ விழற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சி," என்றேன்.

"அப்படிலாம் சொல்லாதீங்க அண்ணி," என்று என் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

இப்போது நான் சாறு குடிப்பதில்லை. காலையில் நடக்க மட்டும் செய்கிறேன். அவள் குடிக்கிறாள், ஓடுகிறாள். சாற்றினால்தான் மூச்சு லேசாக இருக்கிறது என்கிறாள். இருக்கலாம். அதற்கு முன்பும் அவள் நன்றாகத்தான் ஓடினாள்.